மெல்லிய கைத்தறிச் சேலைகள்: தெரிவதும் உடுப்பதும் பேணுவதும்

காலை ஏழரை மணி தொடங்கிப் பகல் ஒன்றரை மணி வரையும் வகுப்பறையிலே நின்று கற்பிக்கும் ஆசிரியை ஒருவரிடம், "சேலை சுகமான உடை" என்று சொல்லிப் பாருங்கள். அவர் உடன்படுவாரா, நகைப்பாரா என்பது அன்று அவர் எந்தச் சேலையை உடுத்து வந்தார் என்பதைப் பொறுத்தது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக் காலத்திலே, ஆசிரியைகள் சேலைதான் உடுக்க வேண்டுமா என்னும் விவாதம் நம் நாட்டிலே சூடாக நடைபெற்றது. அதில் எந்தப் பக்கம் நியாயம் என்பது இங்கு நம் விஷயமன்று. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேலை என்னும் ஒரே சொல்லினுள்ளே உடலோடு ஒட்டி வியர்வையைப் பூட்டி வைக்கும் செயற்கை இழைச் சேலையும் அடங்கும். காற்று உள்ளே புகுந்து வெளியே போகும் மெல்லிய நூற்சேலையும் அடங்கும். இவ்விரண்டையும் ஒரே உடையென்று பேசுவது தேங்காயெண்ணெயையும் மண்ணெண்ணெயையும் எண்ணெய் என்ற ஒரே கணக்கில் எழுதுவது போன்றதாகும்.

சாதாரண ஈரக்காற்றிலே பருத்தி தன் எடையில் நூற்றுக்கு 8 பங்களவு ஈரத்தைத் தன்னுள்ளே ஏற்றுக்கொள்ளும். பொலியெஸ்ரர் இழையோ அரைப் பங்கைத்தானும் ஏற்பதில்லை. கொழும்பின் புழுக்கத்திலும் மட்டக்களப்பின் உச்சிவெயிலிலும் இவ்வேற்றுமையை நம் தோல் நன்கறியும். அப்படியிருந்தும் நூற்சேலையை ஒருமுறை வாங்கியவர்களுட் பலர் மறுமுறை அதன் பக்கம் போவதில்லை. "தோய்த்தால் சுருங்குகிறது, சாயம் போகிறது, கஞ்சி போட்டு அழுத்த நேரமில்லை, ஆறு மாதத்தில் கிழிந்து விட்டது" என்பனவே அவர்கள் சொல்லும் குறைகள். இக்குறைகள் பொய்யல்ல. ஆனால் அவற்றிற் பாதி கடையிலே சேலையைத் தெரியும்போது நேர்வன. மறுபாதி வீட்டிலே முதல் மூன்று தோய்ப்புகளில் நேர்வன. இரண்டையும் தவிர்க்கலாம். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேலை வாங்கும் சகோதரிகளுக்கு இது சிறிய விஷயமன்று.

நூலின் கணக்கு

இலேசான சேலை என்றால் நூல் குறைந்த சேலை என்று பலர் எண்ணுகின்றனர். கடைக்காரர் சிலரும் அவ்வாறே எண்ணச் செய்கின்றனர். உண்மையில் நூல் நுண்ணியதாயிருப்பதே இலேசுக்குக் காரணம். நூல் குறைவது இளக்கத்துக்குத்தான் காரணமாகும். இதை விளங்கிக்கொள்ள நெசவாளர் வழங்கும் 'நம்பர்' என்னும் கணக்கைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

840 யார் நீளமுள்ள நூற்சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஓர் இறாத்தல் எடையாகுமோ, அத்தொகையே அந்நூலின் நம்பராகும். 40 சிட்டங்கள் சேர்ந்து ஓர் இறாத்தலானால் அது 40 ஆம் நம்பர். 100 சிட்டங்கள் வேண்டுமானால் 100 ஆம் நம்பர். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது. 100 ஆம் நம்பர் நூலில் ஓர் இறாத்தலை நீட்டினால் 84,000 யார் வரும்.

இனி மாணவிகள் தாமே போட்டுப் பார்க்கத்தக்க கணக்கொன்று. ஆறு யார் நீளமும் 46 அங்குல அகலமும் உள்ள சேலையொன்றை 40 ஆம் நம்பர் நூலால், அங்குலத்துக்கு 50 பாவிழையும் 50 ஊடையிழையுமாக நெய்தால், செல்லும் நூல் 27,600 யார். எடை ஏறத்தாழ 370 கிராம். அதே அளவுச் சேலையை 100 ஆம் நம்பர் நூலால், அங்குலத்துக்கு 80 இழையாக நெய்தால், செல்லும் நூல் 44,160 யார். எடையோ 240 கிராம்தான். கரையும் புட்டாவும் சேர்ந்தால் இரண்டும் சற்றுக் கூடும். இரண்டாவது சேலையில் ஒன்றரை மடங்குக்கு மேல் நூல் இருக்கிறது, ஆயினும் அது முதலாவதைவிட மூன்றிலொரு பங்கு இலேசானது, நெருக்கமும் மிகுந்தது. நூல் மெல்லியதாகையால் பாவு அறும், அறுந்த இழையைத் தேடி முடிய வேண்டும், வேலை மந்தமாகும். ஓர் அங்குலத்துக்கு 80 முறை என்றால் ஆறு யார் சேலை முடிவதற்குள் நாடா 17,280 தடவை பாவினூடே ஓடுகிறது. ஒவ்வொரு தடவையும் கால் மிதிக்க வேண்டும், கை அடிக்க வேண்டும். மெல்லிய கைத்தறிச் சேலைக்கு ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்கு இந்த ஓர் எண்ணே போதிய விடையாகும்.

மலிவாகக் கிடைக்கும் 'இலேசான' சேலை எவ்வாறு செய்யப்படுகிறது? நடுத்தர நூலை இடைவெளி விட்டு நெய்து, இடைவெளியைத் தடித்த கஞ்சியால் நிரப்பிவிடுவதே வழி. கடையில் அது பத்திரிகைத் தாள் போல விறைப்பாக நிற்கும். முதல் தோய்ப்பிலே கஞ்சி கரைந்தோடியதும் வலைபோல இளகி, கரை ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமுமாக இழுபடும். சேலை கெட்டுவிட்டதென்று நாம் எண்ணுகிறோம். அது தறியிலிருந்து இறங்கியபோதே அப்படித்தான் இருந்தது. நாம் கண்டது கஞ்சியை.

எங்கு நெய்தவை?

நம் நாட்டிலே கைத்தறி என்றதும் கிழக்கு மாகாணமே நினைவுக்கு வரும். அம்பாறை மாவட்டத்து மருதமுனை தன் சாரங்களாலும் சேலைகளாலும் பெயர் பெற்ற ஊர். மட்டக்களப்பின் ஆரையம்பதியும் நெசவுக்குப் பெயர் போனது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் நாட்டின் கைத்தறிகள் ஓய்வின்றி ஓடின. 1977 இன் பின் கட்டுப்பாடுகள் தளர்ந்து வெளிநாட்டுப் புடவைகள் குவிந்தபோது பல நெசவு நிலையங்கள் மூடப்பட்டன. போர்க்காலம் வந்தது, 2004 டிசம்பர் 26 ஆம் தேதி கடற்கோள் வந்தது. கடலோர ஊராகிய மருதமுனை அதிலே பேரிழப்பு அடைந்தது. இத்தனைக்கும் பின்னர் அங்கே தறியொலி கேட்கிறது என்பது நாம் பெருமைப்படத்தக்க விஷயம். ஆயின் பெருமைக்காக மட்டும் ஒரு சேலையை வாங்கும்படி எவருக்கும் நான் சொல்லமாட்டேன். நம் நாட்டுக் கைத்தறிச் சேலைகளிலே தடித்த நூலில் நெய்தவையும் உண்டு, மெல்லியவையும் உண்டு. தடித்தவை திரைச்சீலை போல அழுத்தமாக நின்று நீண்டகாலம் உழைக்கும். மேடை நிகழ்ச்சிக்கும் மலைநாட்டுக் குளிருக்கும் பொருந்தும். பேருந்தில் நின்று பயணம் செய்பவர்கள் மெல்லியதைக் கேட்டு வாங்க வேண்டும். "எத்தனையாம் நம்பர் நூல்?" என்று கேட்கும் வாடிக்கையாளர் நாலுபேர் வந்தால் விற்பனையாளரும் நெசவாளரிடம் அதைக் கேட்பார்.

இந்தியாவிலிருந்து வருபவற்றுள் ஆந்திர மாநிலத்து வேங்கடகிரிச் சேலை நுண்ணிய நூலுக்குப் புகழ் பெற்றது. 100 ஆம் நம்பர் நூலில், மெல்லிய சரிகைக் கரையோடு நெய்யப்படும் அச்சேலையைக் கையில் ஏந்தினால் எடையே தெரியாது. இராஜஸ்தானின் கோட்டா நகருக்கு அருகேயுள்ள கைத்தூன் என்னும் ஊரில் நெய்யப்படும் கோட்டா தோரியா, பருத்தியும் பட்டும் கலந்து சிறு சிறு கட்டங்களாக அமைவது. வெயிலுக்கு அதைப்போல் மற்றொன்றில்லை. ஆனால் இழை விலகுமியல்புடையதாகையால், வளையலும் கைக்கடிகாரமும் கொளுவி இழுபடும். சின்னக் குழந்தைகளைத் தூக்கும் தாய்மாருக்கு அது ஏற்றதன்று.

வங்கச் சேலைகளின் கதை தனி. டாக்காவைச் சூழ்ந்த பகுதியிலே நெய்யப்படும் ஜாம்தானியில், பூவேலைக்குரிய நூலைத் தறியிலேயே கையாற் புகுத்திப் புகுத்தி நெய்கிறார்கள். அக்கலையை 2013 இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. 1947 இன் பிரிவினைக்குப் பின் தங்கைல் என்னும் பகுதியிலிருந்து வந்த நெசவாளர் பலர் மேற்கு வங்கத்து நாடியா மாவட்டத்திலுள்ள புலியாவிலே குடியேறினர். தங்கைல் சேலை அங்கும் நெய்யப்படுவது இதனாலேயே. பொதுவாக வங்கத்து நூற்சேலைகளுக்குக் கஞ்சி தாராளம். முதல் தோய்ப்பின்பின் அது குழைந்து வேறொரு சேலை போலத் தோன்றும். அதனைக் குறையென்று கொள்ளாமல், அவ்வியல்பை அறிந்து வாங்க வேண்டும்.

காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கியையும் சிலர் மெல்லிய சேலை வரிசையிலே சேர்த்துப் பேசுகின்றனர். கண்டாங்கி அழகானது, உழைப்பது, கட்டங்களின் நிறப்பொருத்தம் கண்ணைப் பறிப்பது. மெல்லியது மட்டும் அன்று.

கடையிலே செய்ய வேண்டியவை

சேலையை வாங்குமுன் ஒரு மடிப்பை மட்டும் விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இழைகள் ஒரு சீராக நெருங்கியிருக்கின்றனவா, இங்கு அடர்ந்தும் அங்கு ஐதாகவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கைத்தறியில் ஓரிரு இழை தடித்திருப்பதும், முடிச்சு ஒன்று தென்படுவதும் குறையல்ல. அகலமான பட்டையாக ஊடை நெருங்காமல் விட்டிருப்பதுதான் குறை. பின்னர் ஒரு மூலையை இரு கைகளாலும் மெதுவாகக் கசக்குங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் கஞ்சி மிகுதி. கசக்கிய இடத்தைப் பெருவிரலால் குறுக்கே தள்ளிப் பாருங்கள். இழைகள் விலகி வழி விட்டால் அச்சேலை கொய்யகம் வைக்கும் இடத்திலே முதலிற் கிழியும்.

சாயத்தைச் சோதிக்க வெண்மையான கைக்குட்டையொன்றைச் சிறிது நனைத்து, விற்பனையாளரிடம் சொல்லிவிட்டு, உட்புற மூலையில் தேய்க்கலாம். கருநீலம், கறுப்பு, கடுஞ்சிவப்பு ஆகியவற்றில் இலேசான கறை படிவது வழக்கம். நிறம் அப்படியே இறங்குமாயின், வெள்ளை உடலும் சிவப்புக் கரையுமாக உள்ள சேலைக்கு அது ஆபத்து. ஒரே நிறச் சேலையானால் பொறுத்துக்கொள்ளலாம். ஒல்லாந்தர் காலத்திலே மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் சாயவேர் அகழ்ந்து துணிக்குச் சிவப்பேற்றினார்கள். இன்று கடையிற் காணும் நிறங்களுள் மிகப் பெரும்பாலானவை இரசாயனச் சாயங்களே. அதனால் அவை தாழ்ந்தவையாகிவிடா. நன்கு அலசி எடுக்கப்பட்ட இரசாயனச் சாயம் பல்லாண்டு நிற்கும். 'இயற்கைச் சாயம்' என்ற சொல்லுக்காக மட்டும் இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டியதில்லை.

அளவைச் சொல்லை நம்பாது அளந்து வாங்குங்கள். சேலைக்கு ஐந்தரை மீற்றர், இரவிக்கைத் துண்டுக்கு ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் என்பது வழக்கம். நூற்சேலை நூற்றுக்கு மூன்று பங்கே சுருங்கினாலும் ஐந்தரை மீற்றரில் 16 சென்ரிமீற்றர் போய்விடும்; ஒரு கொய்யக மடிப்பு குறையும். அகலம் அதைவிட முக்கியம். உயரமானவர்கள் 46 அங்குலத்துக்குக் குறைந்த சேலையை எடுத்தால், முதல் தோய்ப்பின்பின் கரை கணுக்காலுக்கு மேலே நிற்கும். குள்ளமானவர்களுக்கு ஒடுங்கிய கரையும், உடலின் நிறத்தோடு அதிகம் மாறுபடாத கரையும் பொருந்தும். இது அழகுக்கலை நிபுணர் சொல்லும் விதியன்று, கண்ணாடி சொல்வது.

கைத்தறியா, விசைத்தறியா என்பதை அறிவது எளிதன்று. கரையோரத்திலே சீரான இடைவெளியில் ஊசித்துளை போன்ற புள்ளிகள் தென்படும் என்பார்கள். நெய்யும்போது துணியை அகலமாக இழுத்துப் பிடிக்கும் கருவியின் தடம் அது. ஆயினும் விசைத்தறிக்கும் அத்தகைய கருவி உண்டாதலால், அதை மட்டும் கொண்டு முடிவுகட்டலாகாது. இந்தியாவில் 2006 ஆம் ஆண்டு தொடக்கம் கைத்தறி முத்திரை வழங்கப்படுகிறது; முத்திரையுள்ள சேலை கிடைத்தால் நன்று. இரண்டு பக்கமும் வேலைப்பாடு ஏறத்தாழ ஒன்றுபோலிருப்பதும், முந்தானை முடிவில் நெய்யாத பாவிழைகள் நீண்டு தொங்குவதும் நல்ல அறிகுறிகள்.

அந்தத் தொங்கும் இழைகளால் வேறொரு பயனும் உண்டு. அதிலொன்றை அறுத்தெடுத்து, வீட்டிலே தட்டொன்றின்மேல் சிறு இடுக்கியாற் பிடித்து எரித்துப் பாருங்கள். பருத்தியானால் தாள் எரியும் மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். செயற்கை இழையானால் உருகிச் சுருண்டு கடினமான மணியாக உறையும். பாவிழை பருத்தியாயிருக்க, ஊடையிலே கலப்பு இழை புகுந்திருப்பதும் உண்டு. ஆகவே ஊடையிலும் ஓரிழையைச் சோதித்தல் வேண்டும்.

முதல் மூன்று தோய்ப்புகள்

புதுச்சேலையை வாங்கியவுடனே கீழ்க்கரைக்கு 'ஃபோல்ஸ்' பட்டியைத் தைத்துவிடுவது நம்மிடையே பரவியுள்ள ஒரு பிழையான வழக்கம். சேலை சுருங்கும்; பட்டி சுருங்காது. அல்லது மறுதலையாக நடக்கும். இரண்டிலும் கரை நெளிந்து பாம்புபோல வளையும். பின் எவ்வளவு அழுத்தினாலும் நேராகாது. சேலையையும் பட்டியையும் தனித்தனியே நனைத்து உலர்த்திய பின்னரே தைக்க வேண்டும்.

முதலில் சவுக்காரமே இல்லாமல் குளிர்ந்த தண்ணீரிலே சேலையைத் தனியாகப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, அலசி, நிழலிலே காயவிடுங்கள். உப்புப் போட்டால் சாயம் 'கட்டிவிடும்' என்று நம் பாட்டிமார் சொல்வர். இது பாதி உண்மை. சிலவகைச் சாயங்கள் உப்புநீரிலே குறைவாகக் கரையும். ஆதலால் அந்த நீர் தெளிவாகத் தோன்றும். அடுத்த தடவை உப்பில்லாத நீரில் இட்டால் மீந்த சாயம் மறுபடி இறங்கும். துணியிற் பற்றாமல் மேலே நிற்கும் சாயம் எப்படியும் வெளியேறித்தான் ஆக வேண்டும். அது இரண்டு மூன்று தடவைகளில், வேறு துணி எதனோடும் சேராமல் வெளியேறுவதே நல்லது. புளிக்காடி விடுவதாற் பருத்திக்கு ஒரு பயனுமில்லை. இரு நிறச் சேலையை நீரிலே ஊறவிட்டு மறந்துபோவதும், நனைந்தபடி சுருட்டி வைப்பதும்தான் கறை ஏறுவதற்கு முதற்காரணங்கள்.

நான்காம் முறை தொடக்கம் வழக்கம்போலத் தோய்க்கலாம். கல்லில் அடித்தல் வேண்டா. தூரிகையாலும் தேய்க்க வேண்டா. பருத்தி நனைந்தபோது உலர்ந்ததைவிட வலிமை பெறும் இழையாகையால் தோய்ப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மெல்லிய நூலை முறுக்கிப் பிழிவதால் இழை இடம்பெயரும். கைகளுக்கிடையே அழுத்தி நீரை வடியவிட்டுக் கொடியிலே போட்டால் போதும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீர் கடினநீர். அதில் சவுக்காரம் எளிதில் நுரைக்காது. நுரைக்காத சவுக்காரம் நீரிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து வழுவழுப்பான படிவாகி இழைகளிலே தங்கிவிடும். வெள்ளைச் சேலை சில மாதத்தில் சாம்பல் பூத்தாற்போலாவதற்கும் வண்ணச் சேலை மங்குவதற்கும் இதுவே காரணம். சாயத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சவுக்காரக் கட்டிக்குப் பதிலாகத் திரவச் சலவைப்பொருளைச் சிறிதளவு பாவித்து, நீரை மாற்றி இரண்டு மூன்று முறை அலசுங்கள். மாரிகாலத்திலே மழைநீர் பிடித்து வைத்துக் கடைசி அலசலுக்குப் பயன்படுத்தினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

கறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேநீர் பட்டால் உடனே குளிர்ந்த தண்ணீர். இரத்தமானாலும் குளிர்ந்த தண்ணீர்தான், வெந்நீர் அதனை நிலைக்கச் செய்துவிடும். கறியின் மஞ்சட்கறை சவுக்காரம் பட்டதும் இரத்தச் சிவப்பாக மாறுவதைக் கண்டு திடுக்கிடாதீர்கள். மஞ்சளின் இயல்பு அது. நன்கு அலசிவிட்டுக் கறைபட்ட இடத்தை மட்டும் வெயிலிலே படும்படி காயவிட்டால், ஒளியே அதை வெளிறச் செய்யும். வாழைக்கயருக்கு மட்டும் நம்பத்தக்க மருந்தில்லை. மெல்லிய சேலையோடு வாழைமரத்தை அணுகாதிருப்பதே வழி.

மஞ்சட்கறையைத் தவிர வேறெதற்கும் வண்ணச் சேலையை வெயிலில் உலர்த்தலாகாது. காற்றோட்டமுள்ள நிழலில், உட்புறம் வெளியே தெரியும்படி, அகன்ற கொடியிலே போடுங்கள். மெல்லிய சேலை மதியத்துக்குள் காய்ந்துவிடும். இரும்புக் கம்பியிலே ஈரச்சேலையைப் போட்டால் துருக்கறை பிடிக்கும். அது பிடித்தபின் வருந்திப் பயனில்லை.

கஞ்சி எவ்வளவு?

நுண்ணிய நூற்சேலைக்குத் தடித்த கஞ்சி வேண்டுவதில்லை. இரண்டு மேசைக்கரண்டி சவ்வரிசியை ஐந்து கோப்பை நீரிலே கண்ணாடிபோலாகும் வரை காய்ச்சி, மெல்லிய துணியில் வடித்து, அரைவாளி நீரிற் கலந்துகொள்ளுங்கள். சோற்றுக் கஞ்சியும் உதவும். ஆனால் கருநிறச் சேலையிலே வெள்ளைத் திட்டு விழ இடமுண்டு. அலசிப் பிழிந்த ஈரச்சேலையைக் கஞ்சி நீரில் முழுதாக ஒரே தடவையில் அமிழ்த்த வேண்டும். உலர்ந்த சேலையை அமிழ்த்தினால் முதலில் நனைந்த பகுதி கஞ்சியை மிகுதியாகக் குடித்துக்கொள்ளும்.

முற்றாகக் காயுமுன், சிறிது ஈரம் இருக்கும்போதே எடுத்து, இருவர் எதிரெதிரே நின்று கரையைப் பிடித்து மூலைவாட்டாக இழுத்து மடித்தால், அழுத்தும் வேலையிற் பாதி முடிந்துவிடும். வீட்டிலே சிறுமியர் இருந்தால் இந்த இழுப்பு ஒரு விளையாட்டாகவும் அமையும். பின்னர் சூடான மின்னழுத்தியால் உட்புறத்தை அழுத்துங்கள். சரிகைக் கரையானால் சூட்டைக் குறைத்து, மேலே ஒரு துணியை விரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தோய்ப்புக்கும் கஞ்சி இடவேண்டும் என்னும் நியதி இல்லை. கஞ்சியில்லாத பழகிய நூற்சேலை உடலிலே குழைந்து விழுவது தனி அழகு. நான்கைந்து தோய்ப்புக் கண்ட சேலையே புதியதைவிடச் சுகமானது என்பது என் கட்சி.

உடுக்கும்போது

மெல்லிய சேலைக்கு உட்பாவாடை பருத்தியிலேயே இருக்க வேண்டும். வழுக்கும் செயற்கைத் துணிமேல் நூற்சேலை நிற்காது; நாள் முழுவதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியதாகும். சேலையின் நிறத்தோடு ஒத்ததாக, கணுக்கால் வரை இறங்குவதாக இருந்தால் உள்ளே நிழல் தெரியாது. கொய்யகத்தை அகலமாக எடுத்து, எண்ணிக்கையைக் குறைத்தால் முன்பக்கம் புடைத்து நில்லாது.

ஊசியே மெல்லிய சேலையின் முதற் பகைவன். தோளில் ஒரு மடிப்பை மட்டும் குத்தினால் முந்தானையின் பாரமெல்லாம் இரண்டே இழைகளில் தொங்கும். மடிப்புகள் அனைத்தையும் சேர்த்து, உட்புறம் சிறு துணித்துண்டொன்றை வைத்து, அதையும் சேர்த்துக் குத்துங்கள். கூர் மழுங்கிய, துருப்பிடித்த ஊசியைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். பேருந்துப் படியில் ஏறும்போது கொய்யகத்தைச் சற்று உயர்த்திப் பிடிப்பது நம் தாய்மார் இயல்பாகச் செய்தது. இன்று பலர் மறந்துவிட்டனர். மெல்லிய சேலைகளுட் பல கரையருகே, குதியால் மிதிபட்டுத்தான் கிழிகின்றன.

பேணுதல்

உடுத்துக் களைந்த சேலையை உடனே மடித்து அலுமாரியில் வைக்கலாகாது. ஓரிரவு காற்றிலே தொங்கவிட்டு வியர்வை ஈரம் போனபின் மடியுங்கள். கஞ்சியிட்ட சேலையை மாதக்கணக்காகப் பூட்டி வைப்பது இராமபாணப் பூச்சிக்கு விருந்து வைப்பதாகும். பட்டையும் கம்பளியையும் தின்னும் அந்துப்பூச்சி பருத்தியை அவ்வளவாக நாடுவதில்லை. இராமபாணமோ கஞ்சியைத் தேடியே வரும். ஆகவே நெடுநாள் வைக்க வேண்டிய சேலையைக் கஞ்சி முற்றாகப் போகும்படி அலசி, நன்கு உலர்த்தி, பழைய வெள்ளைப் பருத்தித் துணியிலே சுற்றி வையுங்கள். பொலித்தீன் பையில் வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றி வைத்தால், ஒரே கோட்டில் இழை இற்றுப் போகாது.

சிறு கிழிசல் கண்டவுடன் தைத்துவிட வேண்டும். முந்தானைக் குஞ்சத்திலிருந்து உருவிய அதே நூலால், பாவும் ஊடையும் போலக் குறுக்கும் நெடுக்குமாக இழையோட்டினால் தைத்த இடம் தெரியாது. குஞ்சத்தைக் கத்தரித்து எறியாமல் சிறிது நூலை ஒரு தாளிற் சுற்றி வைப்பது இதற்காகவே.

உடுக்க முடியாதபடி நைந்த நூற்சேலைக்கும் நம் வீடுகளில் வேலை உண்டு. பிறந்த குழந்தையைத் துடைக்கவும் போர்த்தவும் அதைவிட மென்மையான துணி எந்தப் புடவைக் கடையிலும் கிடையாது. ஏணை கட்டுவதற்கும் பழஞ்சேலையையே தேடுவோம். ஆனால் மெல்லிய நூற்சேலையை ஏணையாக்குமுன் ஒரு சோதனை அவசியம். சேலையின் நடுப்பகுதியைப் பல இடங்களில் இரு பெருவிரல்களுக்கிடையே பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். எங்காவது இழை 'சரக்'கென்று விட்டுப்போனால் அது ஏணைக்கு உதவாது. அதனை இரண்டாக மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிப்பாக்கிவிட்டு, ஏணைக்கு வேறொரு தடித்த சேலையை எடுங்கள்.